மாம்பழ மஞ்சளுக்குக் கத்திரிப்பூ

ஏப்ரல் 1, செவ்வாய்

கிரீம் கலராம், கிரீம் கலர்! கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்துச் சொந்தமாக ஒரு வீடு கட்டி, பூச்சு காய்ந்து, பெயின்ட் அடிக்கிற நாளும் வந்த பிறகு இந்த மனுஷன் வாயிலிருந்து வந்த வார்த்தை அதுதான். வெளியே கிரீம், உள்ளேயும் கிரீம். ஏன் என்று கேட்டால், "கண்ண உறுத்தாது வடிவு. யாருக்கும் உறுத்தாது" என்கிறார். யாருக்கும் உறுத்தாமல் இருக்க நாம் கட்டியிருப்பது வீடா, ஆஸ்பத்திரியா?

இதுவரை ஆறு வாடகை வீடு மாறியாயிற்று. ஆறிலும் அடுத்தவன் அடித்த கலர். ஒன்று ரோஸ், ஒன்று பாசி பிடித்த பச்சை, மிச்சம் நாலும் கிரீம். ஆணி அடிக்காதே, காலண்டர் மாட்டாதே, சுவரில் சாய்ந்து உட்காராதே. வீடு பார்க்கப் போகும்போது வீட்டுக்காரர் கண்டிப்பாகக் கேட்பார், "எந்த ஊரு, என்ன ஆளுக?" என்று. இவர் டக்கென்று என் ஊர்ப் பெயரைச் சொல்வார். என் அப்பா பெயரைச் சொல்வார். நான் உள்ளே போய்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திறந்து பார்ப்பேன். அதைப் பற்றி எழுத நான் டைரியை எடுக்கவில்லை.

நான் டவுனில் மேட்சிங் சென்டரில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறவள். புடவையை மடிப்புப் பிரிக்காமலே அதற்கு எந்த ஜாக்கெட் பிட் சேரும் என்று சொல்லிவிடுவேன். கல்யாண வீட்டுக்காரர்கள், "வடிவக்கா இருக்காகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் படியேறுவார்கள். ஊருக்கெல்லாம் கலர் பார்த்துக் கொடுக்கிறவள் வீட்டுக்குக் கிரீம்!

கடைசியில் ஓர் ஒப்பந்தம். உள்ளே என் இஷ்டம், வெளியே கிரீம். தலையை ஆட்டி வைத்தேன். இது கடையில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி. மூன்று மாதம் வெறுமனே கிடந்தது. இன்றிலிருந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் வாய்விட்டுச் சொன்னால் பதில் பேச ஆளில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

கிரீம் ஒரு கலரே இல்லை. கலர் சொல்லப் பயந்தவன் சொல்வது கிரீம்.

ஏப்ரல் 5, சனி

கடையிலிருந்து துண்டு பிட்டுகளைக் கொண்டுவந்து டைரியில் ஒட்டியிருக்கிறேன். ஹாலுக்குச் சந்தனம், ஒரு சுவர் மட்டும் மாந்துளிர். அடுப்படியில் வெளிர் கலர் வேண்டாம், தாளிப்புப் புகையில் ஆறே மாதத்தில் பழுத்துவிடும். அதற்கு வெங்காயத்தாள் பச்சை. நிவேதாவிடம் அவள் அறைக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். பிளஸ் ஒன் பரீட்சை எழுதி முடித்த திமிரில் "கறுப்பு" என்றாள். "ஏட்டி, கொன்னுருவேன்" என்றேன். ஆகாய நீலத்தில் வந்து நின்றாள்.

இரண்டு கலர் சேர வேண்டும் என்றால் ஒன்று பேச வேண்டும், ஒன்று கேட்க வேண்டும். இரண்டும் பேசினால் சண்டை. இரண்டும் கேட்டுக்கொண்டே இருந்தால் கிரீம். கடையில் புதிதாகச் சேர்கிற பெண்களுக்கு நான் முதல் நாள் சொல்கிற பாடம் இது.

பெயின்டர் வந்தார். பெயர் ஐகோர்ட்துரை. எங்கள் பக்கத்தில் அது சாமி பெயர். எடுத்த எடுப்பில் "வீடு எந்த நகர்ல யக்கா?" என்று கேட்டார். சொன்னேன். டைரியை விரித்து, கடைசிப் பக்கத்தில் தனியாக ஒட்டியிருந்த ஜோடியைக் காட்டினேன். மாம்பழ மஞ்சள். பக்கத்தில் கத்திரிப்பூ. முன்பக்கச் சுவர் முழுக்க மஞ்சள், கைப்பிடிச் சுவருக்கும் ஜன்னல் மேல் சன்ஷேடுக்கும் கத்திரிப்பூ. சாயங்கால வெயில் படும்போது எப்படி இருக்கும்!

அவர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். "தெம்பான ஆளுதான் யக்கா நீங்க" என்றார். என் ரசனையைப் பாராட்டுகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இவர் கூட்டுறவுப் பண்டகசாலையில் கிளார்க். ஒரு வாரப் பயிற்சிக்குச் சென்னை போகிறார். ரயிலேறும்போதும், "வெளிய கிரீம். ஞாபகம் இருக்கட்டும்" என்றார். புளியோதரைப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தேன். ஞாபகம் இருக்கிறது என்று சொன்னேன். ஞாபகம் இருப்பது பொய் இல்லையே.

ஏப்ரல் 11, வெள்ளி

முன்பக்கம் முடிந்துவிட்டது!

தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தே வந்தேன், தூரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதற்காக. இருபத்தேழு வீட்டில் என் வீடு மட்டும் உயிரோடு நிற்கிறது. அழுகை வந்துவிட்டது. நாற்பத்துநாலு வயதில் எனக்கென்று ஒரு சுவர், அதில் நான் சொன்ன கலர். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெயிலில் நின்று பார்த்தேன்.

பைக்கில் போன மூன்று பையன்கள் வண்டியை நிறுத்திக் கையைத் தூக்கி, "யக்கா, கெத்து!" என்று கத்திவிட்டுப் போனார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கூடக் கலர் தெரிகிறது.

வேலையை மேற்பார்க்க நான் வருகிற நாளெல்லாம் எதிர்வீட்டு அம்மா பதினொரு மணிக்கு டீ கொடுத்து அனுப்புவார்கள். இன்று வரவில்லை.

ஏப்ரல் 12, சனி

இன்று டீ வந்தது. பேப்பர் கப்பில். இத்தனை நாளும் எவர்சில்வர் டம்ளரில் வரும். பாத்திரம் தேய்க்கிற பெண் வரவில்லையோ என்னவோ.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. கடையில் அரை நாள் சொல்லிவிட்டுப் புது வீட்டுக்குப் போய், அலமாரித் தட்டுகளுக்குக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு ஆவுடைநாயகம் வந்தார். ரிட்டயர்டு மனிதர், நகர் நலச் சங்கத் தலைவர். கூடவே இரண்டு பேர்.

"தப்பா எடுத்துக்காதம்மா" என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கிறவர்கள் தப்பாகத்தான் பேசப் போகிறார்கள். "நம்ம நகர்ல எல்லாரும் ஒண்ணுமண்ணா இருக்கோம். இங்கன வந்து கொடியத் தூக்கிப் பிடிச்சா நல்லாவா இருக்கு?"

"என்ன கொடி?"

சுவரைக் காட்டினார். "இது யாரு கலருன்னு ஒனக்குத் தெரியாதாக்கும்?"

"இது மாம்பழ மஞ்சள் சார். அது கத்திரிப்பூ. எங்க கடையில வாரத்துக்கு இருவது புடவைக்கு இந்த ஜோடியத்தான் எடுத்துக் குடுக்கேன்."

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. "ஒனக்கு எந்த ஊரும்மா? அப்பா பேரு என்ன?"

சொன்னேன். பதினெட்டு வருஷமாக இவர் சொல்லி நான் கேட்ட பதில். இன்றைக்கு என் வாயாலேயே சொன்னேன்.

"அட, நம்ம புள்ளையா நீ!" என்று அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. "அந்த ஊர்ல நமக்கு ஏகப்பட்ட சொந்தம்லா! இத மொதல்லயே சொல்லப்படாதா? இது அவனுக கொடிக் கலரும்மா. நாங்க வேற என்னமோ நெனச்சி, ரெண்டு நாளா ஒரே பேச்சு. சரி சரி, தெரியாம அடிச்சிட்ட. மாத்திரு." வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார், "ஏ, டீ கொண்டா!"

டீ வந்தது. எவர்சில்வர் டம்ளரில்.

அவனுக என்று அவர் சொன்னது என் புருஷனை. என் புருஷனைப் பீடி சுற்றிப் படிக்கவைத்த அவர் அக்காவை. பாதி என் மகளையும்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாங்கிக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. தூ!

டம்ளர் இங்கேயே இருக்கிறது. எங்கள் வழக்கப்படி வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. என்ன போட்டுக் கொடுப்பது என்று யோசிக்கக் கூடப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

இவர் ரயிலை விட்டு இறங்கி நேரே புது வீட்டுக்கு வந்தார். தெருவிலேயே பையோடு நின்றுவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"யாரு சொன்னா ஒனக்கு?" என்றார்.

"யாரு என்ன சொல்லணும்?"

"இந்தக் கலர. எங்க ஊரு முக்குல கம்பத்துல தொங்குதது இதான். என்னக் காட்டிக் குடுக்கணும்னே அடிச்சிருக்க!"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல். "எனக்கு எப்படித் தெரியும்? பதினெட்டு வருஷத்துல உங்க ஊருக்கு என்ன ஒரு நா கூட்டிட்டுப் போயிருக்கியளா? அங்க கொடி பறக்கா, கோமணம் பறக்கான்னு நான் எதக் கண்டேன்? ரெண்டு பஸ் மாறுனா போயிரலாம். மதினி, உங்க அக்கா, மொகத்த நான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பாத்ததோட சரி. எங்க அண்ணன் என்னத் தலைமுழுகினான், அது அவன் புத்தி. உங்க வீட்ல யாரு நம்மள வேண்டாம்னா? நீங்கதான அவுகள வேண்டாம்னு வச்சிய!"

அவர் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்தார். ஒரு பொண்டாட்டிக்குத் தன் புருஷனின் ஊர்க் கொடி என்ன கலர் என்று தெரியவில்லை. இந்த லட்சணத்தில்தான் நாங்கள் குடும்பம் நடத்தியிருக்கிறோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம். நாங்கள் மறைத்தோம். நான்தான் சோறு போட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

ஐகோர்ட்துரையைப் பிடித்து உலுக்கினேன். "இது கொடிக் கலருன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க அவுகன்னு நெனச்சிட்டேன் யக்கா" என்றார் பாவம்போல. "சொந்த வீடு, துணிஞ்சு அடிக்காகன்னு எனக்கே சந்தோசம். எந்த நகருன்னு மொதல்ல கேக்கது எதுக்குன்னு நெனைக்கிய? இடம் தெரியாம ரெண்டு கலர நாங்க பக்கத்துல வைக்க மாட்டோம். போன வருசம் ஒரு வீட்டு கேட்ல தெரியாம வச்சிட்டு, ஏணியப் போட்டுட்டு ஓடுனேன்."

சரி, வேறு ஜோடி பார்ப்போம் என்று டைரியைப் புரட்டினேன். பச்சைக்குச் சிவப்பு? ஐயையோ வேண்டாம். சிவப்புக்கு மஞ்சள்? அது தெற்குத் தெரு. நீலத்துக்கு வெள்ளை? ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள். கறுப்பு எங்கே வந்தாலும் கட்சி. காவி சேர்த்தால் இன்னொரு கட்சி. ராமர் பச்சைக்கு அரக்கு என்றேன், கல்யாணப் புடவையில் இதை மிஞ்சிய ஜோடி கிடையாது. "அது இந்த நகர்க்காரகளோடது யக்கா. அடிச்சா மால போடுவாக" என்றார். அதைக் கேட்டதும் அந்தப் பக்கத்தையே கிழித்துப் போட்டேன்.

கடவுள் இத்தனை கலரைப் படைத்தான். இந்த ஊர்க்காரன்கள் அதை இரண்டிரண்டாகப் பட்டா போட்டு வைத்துக்கொண்டார்கள்.

"கிரீம் அடிச்சிருவோம் சார்" என்று ஐகோர்ட்துரை இவரிடம் சொன்னார். இவர் தலையாட்டினார்.

ஏப்ரல் 19, சனி

நிவேதாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

துணி மடித்துக்கொண்டே நான் புலம்பினேன், யாருக்கடி தெரியும் இதெல்லாம் என்று. அவள் சாதாரணமாகச் சொன்னாள். "ஏம்மா, ஒனக்குத்தான் தெரியாது. எங்க ஸ்கூல் பயலுவ கையில கட்டுத கயிறே இந்தக் கலருதான். மஞ்சளும் ஊதாவும் கட்டுனா அவுக, பச்சையும் அரக்கும் கட்டுனா இவுக."

"அது நம்ம அப்பா..." என்று இழுத்தேன்.

"தெரியும். ஆறாங்கிளாஸ்லயே தெரியும். கேட்டா அம்மா ஊரச் சொல்லுன்னு அப்பா சொல்லிக் குடுத்தாக. அதத்தான் சொல்லுதேன். ரெண்டு கயிறுக்காரிகளும் என்னச் சேத்துக்கிடல. நான் கறுப்புக் கயிறு கட்டிக்கிட்டேன், திருஷ்டிக்குன்னு."

அறைக்குக் கறுப்புக் கேட்டாளே பிள்ளை. கொன்றுவிடுவேன் என்றேனே.

நேரே போய் இவர் முன்னால் நின்றேன். "நீங்க பொய் சொன்னிய, போகட்டும். நான் பொய் சொன்னேன், போகட்டும். பச்சப் புள்ளைக்கு அதப் பாடமா சொல்லிக் குடுத்தியளே, உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"அவள யாரும் ஒரு சொல்லு சொல்லிரக் கூடாதுன்னுதான் வடிவு."

"அவ அப்பனே சொல்லிட்டாரே! அப்பன் ஊரே வாயில வரக் கூடாத ஊருன்னு."

சாப்பாடு வைத்தேன். சாப்பிடவில்லை. நானும் இன்னொரு முறை கேட்கவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

முப்பதாம் தேதி பால் காய்ச்சு. அழைக்க வேண்டியவர்கள் பட்டியலை இவர் எழுதி வைத்திருந்தார். ஆவுடைநாயகம் வீடு இருக்கிறது. சங்கத்து ஆட்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். மதினி மாடத்தி பெயர் இல்லை.

"அக்காவ அப்புறமா ஒரு நா தனியாக் கூப்பிடுவோம்" என்றார். பட்டியலை நாலாக மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். அங்கேயே கிடக்கட்டும்.

ஏப்ரல் 23, புதன்

வெள்ளை பிரைமர் அடிக்க ஆரம்பித்தாயிற்று. இடது பக்கம் பாதிச் சுவர் போய்விட்டது. மூன்று கை ஓட்டினால்தான் கத்திரிப்பூ மறையும் என்கிறார் ஐகோர்ட்துரை. நல்லது. அவ்வளவு லேசில் போய்விடக் கூடாது.

ஏப்ரல் 24, வியாழன்

கடைக்கு லீவு சொல்லிவிட்டு, இவரிடம் சொல்லாமல், இரண்டு பஸ் மாறி இவர் ஊருக்குப் போனேன். பதினெட்டு வருஷத்துத் தூரம், ஒன்றே முக்கால் மணி நேரம்.

பஸ் நிற்கிற முக்கிலேயே கொடிக்கம்பம். அண்ணாந்து பார்த்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அது எலுமிச்சை மஞ்சள், வெயிலில் வெளுத்தது. அந்த ஊதாவும் பேனா மையின் ஊதா. என் மாம்பழ மஞ்சளுக்கும் கத்திரிப்பூவுக்கும் அதற்கும் இரண்டு விரற்கடை வித்தியாசம் இருக்கிறது! கண்ணும் தெரியாமல், கலரும் தெரியாமல் ஒரு நகரே கூடி என் சுவரை அழிக்கச் சொல்லியிருக்கிறது.

மதினி வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். மதினி வீட்டுக்கார அண்ணாச்சி கிணறு வெட்டுகிற வேலைக்குப் போயிருந்தார்.

"அவன் அனுப்புனானா, நீயா வந்தியா?"

"நானாத்தான் வந்தேன் மதினி. முப்பதாந்தேதி பால் காய்ச்சுதோம். நீங்க வரணும்."

மதினி கருப்பட்டிக் காப்பி போட்டு டம்ளரில் ஆற்றிக் கொடுத்தார்கள். "நான் வந்தா ஒங்களுக்கு இடைஞ்சல்லா. போட்டாவக் காட்டு, பாத்துக்கிடுதேன். அது போதும்."

போனில் பதினோராம் தேதி எடுத்த படம் இருந்தது. பிரைமர் விழுவதற்கு முந்தின படம். காட்டினேன். மதினி போனைக் கையில் வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், தள்ளி வைத்துப் பார்த்தார்கள்.

"இது நம்ம கலருல்லா?"

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தம்பியா அடிச்சான்? வீட்டு முகப்புலயா அடிச்சான்?" மதினி தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். "அவன் நம்மள மறந்துட்டான்னுல்லா நெனச்சேன். எத்தன நா அவன வாயில வந்தபடி ஏசியிருக்கேன்! தம்பியா அடிச்சான்?"

"ஆமா மதினி" என்றேன். "அவுகதான் அடிச்சாக."

வேறு என்ன சொல்வேன்? கிளம்பும்போது சொன்னேன், "எங்க கல்யாணந்தான் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல முடிஞ்சிட்டு, மூணாவது முடிச்சுப் போட நாத்தனாருக்கு வேலையில்ல. பால் காய்ச்சுக்கு வெளக்குப் பிடிக்கவும் நாத்தனார் இல்லைன்னா நான் அடுப்பே பத்த வைக்க மாட்டேன். பாத்துக்கோங்க."

"ஏயப்பா, என்னா கோவம் வருது ஒனக்கு!" என்று சிரித்தார்கள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

ஐகோர்ட்துரையிடம் பிரஷ்ஷைக் கீழே வைக்கச் சொன்னேன். இவர் அடிக்கச் சொன்னார். "ரெண்டு பேரும் ஒரே வாயாச் சொல்லுங்க, அப்புறம் தொடுதேன்" என்று ஏணியைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். இடது பாதி வெள்ளை. வலது பாதி மஞ்சளும் கத்திரிப்பூவும்.

ஏப்ரல் 26, சனி

இவரிடம் சொல்லிவிட்டேன். ஊருக்குப் போனதையும், படம் காட்டினதையும், மதினி கேட்டதையும், நான் ஆமாம் என்றதையும்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் பதிலுக்குக் கத்த எல்லாம் தயாராக வைத்திருந்தேன். இவர் வெளியே போய்ப் பாதிச் சுவரின் முன்னால் நின்றார். திரும்பாமலே கேட்டார், "அக்கா சிரிச்சாளா?"

"அழுதாக" என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

ஆறரைக்கு முகூர்த்தம். சமையல்காரர் கட்டுக் கட்டாகப் பேப்பர் கப் கொண்டுவந்திருந்தார். வாசலோடு திருப்பி அனுப்பினேன். எனக்கு எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர்தான். வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து எடுத்து, நேற்றே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

ஆவுடைநாயகம் சங்கத்து ஆட்களோடு வந்தார். பாதி வெள்ளைச் சுவரைப் பார்த்து, "வேல முடியலயோ? பரவாயில்ல, மெதுவா முடிங்க" என்று சிரித்தார். ஆறு மணி பஸ்ஸில் மதினி வந்து இறங்கினார்கள். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் ஐந்து பூசணி விதை, ஒரு படி உப்பு. தெருவில் நின்று சுவரைப் பார்த்தார்கள். பாதியைப் பார்த்தார்கள். புரிந்துகொண்டார்கள் என்று நினைக்கிறேன். முகத்தில் காட்டவில்லை.

இவர்தான் வாசலில் நின்றார். நான் உள்ளே அடுப்பருகில். ஜன்னல் வழியே எல்லாம் கேட்டது.

"இது யாரு?" என்றார் ஆவுடைநாயகம்.

"இவுக... ஊர்ல இருந்து. ஒத்தாசைக்கு வந்திருக்காக" என்றார் என் புருஷன்.

ஒத்தாசைக்கு! விரல் தேயப் பீடி சுற்றி இவருக்குப் பரீட்சைக்குப் பணம் கட்டினவர்கள் ஒத்தாசைக்கு வந்திருக்கிறார்கள்! அதைவிடக் கொடுமை, மதினி மறுபேச்சுப் பேசவில்லை. பையை ஓரமாக வைத்துவிட்டு, கவிழ்த்திருந்த டம்ளர்களை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்கள். தம்பி சொன்ன பொய்க்கு அக்கா வேலை செய்தார்கள்.

குத்துவிளக்கிலிருந்து காமாட்சி விளக்கை ஏற்றி எடுத்துக்கொண்டு நேரே கூட்டத்துக்கு நடுவில் போனேன். அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டேன், கடைசி வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

"மதினி! டம்ளர வைங்க. நாத்தனார் வெளக்குப் பிடிக்காம எந்த வீட்ல பால் பொங்கும்? வாங்க, நீங்கதான் பால் ஊத்தணும்."

ஆவுடைநாயகம் என்னைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், அப்புறம் இவரைப் பார்த்தார். "மதினியா? யாரு வேலாயுதம் இது?"

நான் விளக்கை மதினி கையில் கொடுத்துவிட்டு இவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு பொய் வந்தால் விளக்கை அங்கேயே ஊதி அணைத்துவிட்டுப் போகிறது என்றிருந்தேன். சத்தியமாக.

"எங்க அக்கா" என்றார். குரல் வெளியே வரவில்லை. நிவேதா படியிலிருந்து, "கேக்கலப்பா" என்றாள். என் பிள்ளை!

"எங்க அக்கா!" என்றார் மறுபடி. "என் கூடப்பொறந்த அக்கா."

மதினி பால் ஊற்றினார்கள். பொங்கி வழிந்தபோது யார் குலவை போட்டது என்று பார்த்தால் நான்தான். திரும்பிப் பார்த்தபோது கூட்டத்தில் பாதி இல்லை. சங்கத்தில் ஒருத்தரும் இல்லை. துடைத்து வைத்த டம்ளர்களில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தன. என் கடைப் பெண்கள் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தார்கள். ஐகோர்ட்துரை மூன்று குடித்தார்.

மதினிக்கு அரக்குப் புடவை எடுத்து வைத்திருந்தேன். அவர்கள் நிறத்துக்கு அதுதான் சேரும். கட்டிக்கொண்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மூன்றரை பஸ்ஸுக்குப் போனார்கள். போகும்போது இவர் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார்கள். இவருக்கு நாற்பத்தெட்டு வயது. நன்றாக வேண்டும்.

மே 2, வெள்ளி

நேற்று தண்ணீர் லாரி எங்கள் வீட்டுக்கு முன்னால் நிற்காமல் போயிற்று. இன்று கோலத்தின் மேல் யாரோ குப்பையைத் தட்டியிருக்கிறார்கள். பெருக்கிவிட்டு இன்னும் பெரிய கோலமாகப் போட்டேன். இன்னும் என்னென்ன வரும் என்று தெரியும். வரட்டும். இனி ஏழாவது வீடு தேடிப் போகிறதாக இல்லை.

எனக்குக் கோபம் தீரவில்லை. இவர் மேல் கால்வாசி கூடத் தீரவில்லை. 'ஒத்தாசைக்கு' என்ற சொல் காதிலேயே நிற்கிறது.

காலையில் ஐகோர்ட்துரை வந்தார். "மிச்சத்துக்கு என்ன கலரு? ஒரே வாயாச் சொல்லுங்க" என்றார். நான் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மஞ்ச" என்றார் இவர்.

"மஞ்சள்ல முப்பது இருக்கு சார். என்ன மஞ்ச?"

என்னைப் பார்த்தார். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரே சொன்னார், "மாம்பழ மஞ்ச. ஓரத்துக்குக் கத்திரிப்பூ."

ஏணி ஏறியது. அலமாரியில் அந்த எவர்சில்வர் டம்ளர் இருந்தது, வருஷப் பிறப்பன்று நான் குடித்தது. புளி போட்டுத் தேய்த்து இவர் கையில் கொடுத்தேன். "எதிர்வீட்டோடது. குடுத்துட்டு வாங்க."

பழக்கதோஷம், "வெறும் டம்ளராவா? கொஞ்சம் சீனி போட்டுத் தா" என்றார்.

"வெறும் டம்ளராவே கொண்டு போங்க."

என் முகத்தைப் பார்த்தார். செருப்பை மாட்டினார். பட்டப்பகலில், நகர் முழுக்கப் பார்க்க, காலி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து போய், ஆவுடைநாயகம் வீட்டு அழைப்புமணியை அழுத்தினார்.